பதிவு எண் கிடைத்த கையோடு ஏஐயைத் திறப்பவர்களுக்கு

சத்தியப்பிரமாணம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகாத சட்டத்தரணிகள், உள்ளகப் பயிற்சியை முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் வைத்தியர்கள், கடைசிப் பரீட்சை முடிந்த கணக்காளர்கள் என்று யாரைப் பார்த்தாலும், ஏஐயைத் தொடாத ஒருவரை இப்போது கொழும்பில் காண்பது கஷ்டம். படிக்கும்போதே பழகிவிட்டார்கள். அதில் பிழையில்லை, நானும் பாவிக்கிறேன். ஆனால் மாணவராக இருந்தபோது பிழைவிட்டால் புள்ளிதான் போகும். பதிவு பெற்றபின் பிழைவிட்டால் ஒருவருடைய காணி போகும், பிணை போகும், சில வேளை உயிரே போகும். அந்தத் தாளின் அடியில் இருப்பது உங்கள் கையொப்பம்.

நான் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் சட்டத்தரணியாகத் தொழில் செய்பவன். அதனால் உதாரணங்களில் பாதிக்கு மேல் எங்கள் வேலையிலிருந்துதான் வரும். வைத்தியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன, அவை பிறகு.

உங்களுக்கு அனுமதி தந்தவர் யார் என்று முதலில் பாருங்கள்

"ஏஐ பற்றி எங்கள் விதிகளில் ஒரு வரிகூட இல்லையே" என்று ஜூனியர்கள் சொல்வதுண்டு. இருக்கத் தேவையில்லை. சட்டத்தரணியை ஏற்பதும் நீக்குவதும் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்). 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம் நற்பெயரும் தகுந்த அறிவும் ஆற்றலும் உள்ளவரைத்தான் உள்ளே எடுக்கச் சொல்கிறது. ஏமாற்றும் தொழில் முறைகேடும் செய்தவரை இடைநிறுத்தவோ நீக்கவோ அதே சட்டம் அதிகாரம் தருகிறது. 1988இல் வந்த சட்டத்தரணிகள் நடத்தை விதிகளை எடுத்து ஒருமுறை முழுதாக வாசியுங்கள். தட்டச்சு இயந்திரக் காலத்தில் எழுதியவை, ஆனாலும் கட்சிக்காரரின் இரகசியம், நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தாமை என்று இன்றைக்குத் தேவையானவை அங்கே இருக்கின்றன. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியே விடக் கூடாது என்பது அது.

வைத்தியருக்கு 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமும் இலங்கை மருத்துவச் சபையும். பட்டயக் கணக்காளருக்கு 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகம். பொறியியலாளருக்கு 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பொறியியல் பேரவை. இவர்களில் யார் முன்னால் விசாரணைக்குப் போனாலும் "மெஷின் அப்படித்தான் சொன்னது" என்ற பதில் எடுபடாது. மெஷினுக்குப் பதிவு இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

எல்லாத் துறைக்கும் பொதுவான ஒன்று, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது ஒரே நாளில் முழுதாக நடைமுறைக்கு வரும்படி எழுதப்படவில்லை, கட்டங்கட்டமாக வருவது. அதைச் சாட்டாக வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். உடல்நலம், இனம், மதம், பாலியல் வாழ்வு பற்றிய தகவல்களை அது விசேட வகையில் வைக்கிறது. குற்றங்கள், குற்றவியல் வழக்குகள், சிறுவர் பற்றிய தகவல்களும் அதே வகையில்தான். நீதவான் நீதிமன்றத்தில் ஓடித் திரியும் ஜூனியரின் பையில் இருக்கும் பைல்களில் முக்காவாசி இதற்குள் வந்துவிடும். ஒரு மீறலுக்கு 10 மில்லியன் ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பெட்டிக்குள் எதைப் போடக் கூடாது

இதைத்தான் முதல் பழக்கமாக ஆக்க வேண்டும். சரிபார்ப்பதெல்லாம் அப்புறம். பிழையான பதிலைத் திருத்தலாம், வெளியே போன இரகசியத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணை மட்டும் ஒட்டினாலும் வயது, பிறந்த நாள், ஆணா பெண்ணா எல்லாம் போய்விட்டது. காணி உறுதியில் எல்லைகள் இருக்கும். வங்கிக் கூற்றில் கணக்கு எண் இருக்கும். அதைவிட நம்முடைய சமூகம் சின்னது. "வெள்ளவத்தையில் நகைக்கடை வைத்திருக்கும், கனடாவில் இரண்டு பிள்ளைகள் உள்ள, மனைவியோடு வழக்காடும் சாவகச்சேரிக்காரர்" என்று எழுதினால் பெயர் எதற்கு? காலி வீதியில் நிற்கிற பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஆகவே பைலை ஏற்றாமல், கேள்வியை மட்டும் தனியாக உருவி எடுக்கப் பழகுங்கள். "ஒருவர் 11 வருடமாக மற்றவரின் காணியில் வாடகை கொடுக்காமல் இருக்கிறார், இலங்கைச் சட்டப்படி எதை நிரூபிக்க வேண்டும்?" இதற்குப் பெயரோ ஊரோ வேண்டாம். உண்மையைச் சொன்னால், பிரச்சினையை இப்படி இரண்டு வரியில் சுருக்கத் தெரியாதவருக்கு ஏஐ தரும் பதிலும் உதவாது.

அமைப்புகளையும் கவனியுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றின் சாதாரணக் கணக்கில், உங்கள் உரையாடலை மாதிரியின் பயிற்சிக்கு எடுப்பதை நிறுத்தும் ஒரு தெரிவு இருக்கும். அதை நிறுத்துங்கள். நிறுத்தியபின்னும் அது அவர்களுடைய சேர்வரில் கிடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 2025 மே மாதத்தில் நியூயோர்க் டைம்ஸ் தொடர்ந்த வழக்கில் ஓர் அமெரிக்க நீதிமன்றம், பாவனையாளர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி ஓபன்ஏஐக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவு பிறகு தளர்த்தப்பட்டது, என்றாலும் "டிலீட் பண்ணிவிட்டேனே" என்ற நிம்மதி எவ்வளவு மெல்லியது என்று அதில் தெரிந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் அளவில் பங்கிடும் இணைப்பாக ஆக்கிய உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன. நண்பருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதற்கென்று அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

அலுவலகம் காசு கட்டி எடுத்த நிறுவனக் கணக்கு இருந்தால் நிலைமை கொஞ்சம் நல்லது. ஒப்பந்தத்தில் தரவு எங்கே வைக்கப்படுகிறது, எவ்வளவு காலம், பயிற்சிக்கு எடுப்பார்களா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுப் பாவியுங்கள். உங்கள் சொந்த போனில் உள்ள இலவசக் கணக்கையும் அலுவலகக் கணக்கையும் கலக்கக் கூடாது. ஜூனியர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பின்னேரம் பஸ்ஸில் வரும்போது நாளைக்குத் தவணை என்று ஞாபகம் வரும், கையில் இருப்பது போன்தான்.

இலங்கைச் சட்டத்தைக் கேட்கும்போது

ஏஐக்கு இலங்கைச் சட்டம் தெரியும், ஆனால் அரைகுறையாக. அது படித்த எழுத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் மலை போல இருக்கின்றன, நாங்கள் ஓரத்தில் இருக்கிறோம். எங்கள் கோவைகள் சில இந்தியக் கோவைகளின் சாயலில் எழுந்தவை, அதனால் பிழை வந்தாலும் சரி போலவே ஒலிக்கும். கொலைக்குத் தண்டனைப் பிரிவு எது என்று தமிழில் கேட்டால் 302 என்று வந்துவிடலாம். அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டம், இந்தியாவிலேயே 2024 ஜூலை 1 முதல் அது மாற்றப்பட்டுவிட்டது. எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் அது 296. எதிர் ஆட்சியால், அதாவது மற்றவரின் காணியை நீண்ட காலம் தன்னுடையதாக வைத்திருப்பதால், காணி உரிமை பெறுவதற்கு 12 வருடம் என்று வந்தால் அதுவும் இந்தியக் கணக்கு. 1871 ஆம் ஆண்டின் பிரிஸ்கிரிப்ஷன் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவுப்படி இங்கே 10 வருடம். மேலே சொன்ன 11 வருடக் காணிக்காரருடைய வழக்கு இந்த ஒரு எண்ணில் தலைகீழாகும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை வந்தால் இன்னும் மோசம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. கொழும்பு பிளட் ஒன்றை விற்க வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். நீங்கள் அதை எடுத்துக் கொடுக்காவிட்டால் ஏஐ அதைக் கேட்காது. முன்வாங்கல் உரிமையும், அதாவது விற்கும் காணியைப் பங்காளி போன்றவர்கள் முதலில் வாங்கும் உரிமையும் அப்படியே, அதற்கு 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தனிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தமிழில் சட்டக் குறிப்பு எழுதச் சொன்னால் நீதிமன்றப் பெயர்களையும் பாருங்கள். மேல் நீதிமன்றத்தை (ஹைகோர்ட்) இந்திய வழக்கப்படி உயர் நீதிமன்றம் ஆக்கிவிட்டால், கட்சிக்காரர் தன் வழக்கு நாட்டின் உச்சிக்கே போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்.

தீர்ப்புகளைச் சரிபார்க்க நான் ஜூனியர்களுக்குச் சொல்லும் வழி இது. ஏஐ தந்த பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் நான்கையும் தாளில் எழுதுங்கள். 1978க்குப் பிந்திய தீர்ப்புகளுக்கு ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் இருக்கிறது. 1995 தீர்ப்பு ஒன்றுக்கு அதற்கு முந்திய தொகுதியான என்.எல்.ஆர். (நியூ லோ ரிப்போர்ட்ஸ்) மேற்கோள் வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அப்புறம் உண்மையான தொகுதியைத் திறந்து அந்தப் பக்கத்துக்குப் போங்கள். அண்மைத் தீர்ப்பானால் உயர் நீதிமன்றத்தின், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் இணையத்தளங்களில் தேடுங்கள். தீர்ப்பு இருக்கிறது என்றால் வேலை பாதிதான் முடிந்தது. அது நீங்கள் சொல்லும் விடயத்தைத்தான் சொல்கிறதா, பிறகு மாற்றப்பட்டதா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். சட்டங்களின் மும்மொழி வடிவமும் வர்த்தமானியும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் கிடைக்கும். ஏஐ இலங்கை வழக்குப் பெயர்களைக் கற்பனை செய்யும்போது சில்வா எதிர் பெரேரா மாதிரித்தான் செய்யும். அறிக்கைகளிலும் சில்வாவும் பெரேராவும் நிறைந்து கிடப்பதால் பெயரைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது!

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "இந்த வழக்கு உண்மையானதா?" என்று அதனிடமே கேட்பது. 2023இல் நியூயோர்க்கில் அவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான மாட்டா வழக்கில் ஒரு சட்டத்தரணி அப்படித்தான் கேட்டார், சாட்ஜிபிடியும் ஆம் என்றது. இல்லாத ஆறு தீர்ப்புகள் நீதிமன்றத்துக்குப் போயின. ஜூன் 22ஆம் திகதி நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டொலர் தண்டம் விதித்தார். பிழை தெரியவந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் நீதிபதி கடுமையாக எடுத்தார்.

லண்டனில் 2025 ஜூன் 6 வந்த தீர்ப்பு எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டு வழக்குகளைச் சேர்த்து நீதிபதி டேம் விக்டோரியா ஷார்ப் தலைமையிலான அமர்வு பார்த்தது. ஒன்றில் 45 மேற்கோள்கள் காட்டப்பட்டன, அவற்றில் 18 வழக்குகள் உலகத்திலேயே இல்லை. ஆராய்ச்சியைச் செய்தவர் கட்சிக்காரர், சட்டத்தரணி அதை வாங்கி அப்படியே கையொப்பம் வைத்திருக்கிறார். இது நாளைக்கு இங்கே நடக்கும். இப்போதே கட்சிக்காரர்கள் போனை நீட்டி "இதில் இப்படி வருகிறதே, தம்பி" என்கிறார்கள். மரியாதையாக வாங்கி வாசியுங்கள், ஆனால் மனுவில் போடும் ஒவ்வொரு வரியையும் நீங்களே தேடுங்கள். மற்ற வழக்கில் மாட்டியவர் தொழிலுக்கு மிகப் புதியவர். அந்த இளமையை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது, ஆனாலும் விடயம் ஒழுக்காற்று அமைப்புக்குப் போனது.

காணி உறுதி எழுதும் நொத்தாரிசு வேலையில் என் அபிப்பிராயம் இன்னும் கடுமை. உறுதியின் அட்டவணையை, அதாவது நில அளவை வரைபட எண், திகதி, எல்லைகள், பரப்பளவு இவற்றை, ஏஐயிடம் கொடுத்துத் திரும்ப எழுதுவிக்கவே வேண்டாம். பார்த்து எழுதி, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வாசித்துச் சரிபாருங்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பதைத் தெரியாத ஒன்றிடம் பரப்பையும் குழியையும் ஒப்படைக்கலாமா? காணி விற்பனை, மரண சாசனம், அற்றோணித் தத்துவம் ஆகியவற்றை 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அவை இன்னும் நேரில், தாளில், சாட்சிகள் முன்னால் நடக்க வேண்டியவை.

வைத்தியர்களுக்கு

எக்ஸ்ரே படத்தைப் போனில் எடுத்து ஏற்றுவதுதான் நான் கேள்விப்படும் பெரிய பழக்கம். படத்தின் மூலையில் பெயரும் வார்டும் இருக்கும். ஸ்கேன் பைலை அப்படியே ஏற்றினால் திரையில் தெரியாத தகவல் பகுதியிலும் நோயாளியின் பெயர் இருக்கும்.

உரையாடலைக் கேட்டு நோயாளிக் குறிப்பு எழுதும் செயலிகள் ஆசை காட்டுபவை, கிளினிக்கில் நூறு பேர் நிற்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் பேச்சை எழுத்தாக்கும் ஓபன்ஏஐயின் விஸ்பர் பற்றி 2024இல் வந்த ஆய்வொன்றில், ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு ஒலித்துண்டில் யாரும் சொல்லாத வசனம் எழுத்தில் முளைத்திருந்தது. அது ஆங்கில உரையாடலில். எங்கள் வெளிநோயாளர் பிரிவில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் வரும். குறிப்பை நோயாளி எழும்பிப் போக முன் வாசியுங்கள், ஒவ்வாமை, மருந்தின் அளவு, இடதா வலதா ஆகியவற்றை அவரிடமே திருப்பிக் கேளுங்கள். பதிவு செய்வதற்குச் சம்மதம் வாங்கியதையும் எழுதி வையுங்கள்.

சிகிச்சை கேட்பதானால், முதலில் சுகாதார அமைச்சின் தேசிய வழிகாட்டி, பிறகு மற்றதெல்லாம். டெங்குவை எடுங்கள். ஆபத்தான கட்டத்தில் நீர்மத்தை எம் பிளஸ் 5 சதவீதம் (வழமையான தேவையோடு உடல் எடையின் 5 சதவீதம்) என்று கணக்கிட்டு மணிக்கு மணி பார்த்துக் கொடுப்பது இங்கே வார்டில் கற்ற முறை. பொதுவான கேள்விக்கு ஏஐ பொதுவான பதிலைத் தரும், அது உங்கள் கன்சல்டனின் சார்ட் ஆகாது. தோல் நோய்ப் படங்களில் தனிக் கவனம் வேண்டும். கருநிறத் தோலில் இத்தகைய மாதிரிகளின் கணிப்பு இறங்குவதை 2022இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

புதியவர்களுக்கு இதைவிட முக்கியமாக நான் நினைப்பது போலந்தில் நடந்த ஓர் ஆய்வு, 2025 ஓகஸ்டில் லான்செட் குழும இதழொன்றில் வந்தது. குடல் உள்நோக்குப் பரிசோதனையில் ஏஐ துணைக்கு வந்த பிறகு, அனுபவசாலி வைத்தியர்கள் அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடிக்கும் வீதம் ஏறத்தாழ 28 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக விழுந்தது. கை பழகியவர்களுக்கே இந்த நிலை. கை இன்னும் பழகாத ஜூனியர் என்ன செய்ய வேண்டும்? முதலில் தன் முடிவைத் தாளில் எழுதிவிட்டு, பிறகு ஏஐயைக் கேட்க வேண்டும். மனு எழுதும் சட்டத்தரணிக்கும் அதே முறை. இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் நீங்கள் எதையாவது கற்கிறீர்கள்.

கணக்காளர், பொறியியலாளர்

கணக்காளர்களுக்கு வேலை ஓரளவு சுலபமாக்கப்பட்டிருக்கிறது. கணக்காளர்களுக்கான சர்வதேச ஒழுக்கநெறிக் கோவையில் தொழில்நுட்பம் பற்றிய திருத்தங்கள் 2023இல் வந்தன, அதை வாசித்தால் போதும். எச்சரிக்கைக்கு ஓர் உதாரணம்: 2025இல் அவுஸ்திரேலிய அரசுக்கு டெலோய்ட் எழுதிய, ஏறத்தாழ 4,40,000 அவுஸ்திரேலிய டொலர் பெறுமதியான அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் மேற்கோளாக வந்திருந்தன. கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பொறியியலாளர்கள் சுமைக் கணக்கை ஏஐயிடம் போட்டாலும், கையால் ஒருமுறை தோராயமாகப் போட்டுப் பார்க்காமல் வரைபடத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம்.

சீனியரிடம் சொல்வது, கட்டணம், குறிப்பு

சீனியரிடம் ஒளிக்காதீர்கள். "சேர், இந்த வரைவின் முதல் வடிவத்தை ஏஐயில் எடுத்தேன், மேற்கோள்கள் மூன்றையும் புத்தகத்தில் பார்த்துவிட்டேன்" என்றால் அவர் கோபிக்க இடமில்லை. கோபித்தால் அவருடைய சேம்பரில் அதைப் பாவிக்காதீர்கள், அவ்வளவுதான். கட்சிக்காரரின் தகவல் எதையாவது வெளிச் செயலியில் போடத்தான் வேண்டும் என்றால் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட 512 ஆம் இலக்க அபிப்பிராயமும், போட்டதிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கருவிகளுக்கு கட்சிக்காரர் விளங்கித் தரும் சம்மதம் வேண்டும் என்கிறது, பொதுப்படையான ஒரு வரிச் சம்மதம் போதாது என்றும் சேர்க்கிறது. பத்து நிமிடத்தில் முடித்த வரைவுக்கு ஐந்து மணித்தியாலக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. புதுக்கடையில் நாங்கள் மணிக்கணக்கில் கேட்பதில்லை என்பது வேறு கதை.

ஒவ்வொரு பைலிலும் ஒரு தாள் வையுங்கள்: என்ன கருவி, எந்தத் திகதி, எதற்காக, யார் சரிபார்த்தது. நாலு வரி போதும். உங்கள் சபையின் அறிவிப்புகளை அடிக்கடி பாருங்கள், அயலில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். கேரள உயர் நீதிமன்றம் (ஹைகோர்ட், எங்கள் வழக்கில் மேல் நீதிமன்றம்) 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, தீர்ப்பின் முடிவை எட்டுவதற்கு ஏஐயைப் பாவிக்கத் தடை போட்டது.

பிழை வெளியே போய்விட்டால்

மனு பதிவாகிவிட்டது, இரவு பார்க்கும்போது ஒரு தீர்ப்பு இல்லவே இல்லை என்று தெரிகிறது. அடுத்த தவணை வரை பொறுக்காதீர்கள். காலையில் முதல் வேலையாகச் சீனியரிடம் சொல்லுங்கள். பிறகு ஒரு மோஷன்: இன்ன பந்தியில் காட்டிய மேற்கோள் சரிபார்க்கப்படாமல் சேர்க்கப்பட்டது, அதை மீளப் பெறுகிறோம், இதே விடயத்துக்குரிய சரியான தீர்ப்பு இது. காரணத்தைச் சுற்றி வளைக்க வேண்டாம், கிளார்க் மீது போடவும் வேண்டாம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குப் பிரதி அனுப்புங்கள். வைத்தியரானால் குறிப்பை அழிக்காமல், திகதியும் நேரமும் இட்டுத் திருத்தம் எழுதி, பொறுப்பான கன்சல்டனுக்கும் நோயாளிக்கும் சொல்ல வேண்டும். சட்டத்தரணி கட்சிக்காரருக்கும் அன்றைக்கே ஒரு கோல் எடுத்துவிடட்டும். எதிர்த்தரப்பு வாயிலிருந்து அவர் அதைக் கேள்விப்படக் கூடாது.